வாப்பா ஏன் முசலிக்குப் போவதை நிறுத்தினார்?



பள்ளிக்கூட லீவு கிட்ட வந்தால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "இந்த முறை மாமி வீட்டுக்குப் போவோமா?" பிள்ளைகள் குதிப்பார்கள். என் கணவர் பஸ்ஸில் போவதா, வேன் பிடிப்பதா என்று கணக்குப் போடுவார். வாப்பா மட்டும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பித் தென்னந்தோட்டத்துக்குள் போய்விடுவார். இரண்டு வருஷமாக இதுதான் நடந்தது.

ஊரில் சிலர் இதைச் சம்மந்தி மனஸ்தாபம் என்று கதைத்தார்கள். ஒருவர் என்னிடமே வந்து, "காணி விஷயமா டீச்சர்?" என்று கேட்டார். காணியும் இல்லை, காசும் இல்லை. வாப்பா போகாததற்குக் காரணம் சாப்பாடு. சிரிக்க வேண்டாம், முழுவதையும் வாசியுங்கள். வாப்பாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, என்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க" என்றார்.

முதலில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சுமார் 75,000 பேர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். கூடுதலானவர்கள் வந்து சேர்ந்தது நம் புத்தளம் மாவட்டத்துக்கு. கற்பிட்டிப் பக்கம் கடலால் வந்தவர்களும் உண்டு, முசலியிலிருந்து காட்டு வழியாக வந்தவர்களும் உண்டு. அப்படி வந்த ஒரு குடும்பம் வாப்பாவின் தோட்டத்தில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தது. அந்தக் கொட்டிலில் இருந்த ஐந்து வயதுப் பையன்தான் இப்போது என் பிள்ளைகளின் வாப்பா. முதல் கிழமைகளில் எங்கள் அடுப்பில் வெந்த சோறுதான் அங்கேயும் போனது என்று உம்மா சொல்வார். பிறகு நிவாரண அரிசி, பருப்பு, சீனி என்று பல வருஷம் ஓடியது.

யுத்தம் முடிந்த பிறகு மாமி முசலிக்குத் திரும்பிப் போனார். கல்வீடு கட்டினார். அந்த வீட்டுக்கு வாப்பா போனால் மாமி என்ன செய்வார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸுபஹ் தொழுத கையோடு அடுப்படிக்குள் போனால் வெளியே வருவது லுஹருக்குத்தான். மாட்டிறைச்சி, கோழி, இறால், பொரித்த மீன், நெய்ச்சோறு, வட்டிலாப்பம். "நானா, நீங்க தந்த சோத்துக்கு நான் இன்னும் கணக்கு முடிக்கல்ல" என்பார். அந்த வார்த்தைக்கு முன்னால் "எனக்குச் சீனி வருத்தம் இருக்கு, வேண்டாம்" என்று யார் சொல்வார்? வாப்பாவால் முடியவில்லை. நானாக இருந்தாலும் முடியாது.

சொந்தக்காரர் வீட்டில் சாப்பாட்டைக் குறை, மனதைக் கட்டுப்படுத்து என்று புத்தி சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். தட்டில் விழுகிற ஒவ்வொரு அகப்பைக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. விருந்தாளியின் மனக்கட்டுப்பாட்டை மட்டும் நம்பினால் அது இரண்டாம் நாள் பகலோடு முடிந்துவிடும்.

சரி, அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன்.

மாமியின் பேத்திக்கு நிக்காஹ். நாங்கள் முதல் நாளே போய்விட்டோம். வாப்பாவுக்கு அப்போதே சீனி வருத்தம் வந்து ஒன்பது வருஷம். மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறவர். பகலைக்குச் சஹன் சாப்பாடு கனமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தன் பாட்டில் ஒரு திட்டம் போட்டிருக்கிறார். காலையில் வயிற்றைக் காயப் போட்டால் பகல் சாப்பாட்டுக்குச் சரியாகிவிடும் என்று. ஏழு மணிக்கு மாத்திரை, இரண்டு கிரீம் கிரேக்கர், சீனி போடாத தேத்தண்ணி. அவ்வளவுதான்.

நிக்காஹ் பதினொன்றுக்கு என்றார்கள். மாப்பிள்ளை வீட்டு வேன் பிந்தியது. பிறகு பயான். பிறகு லுஹர். பிறகு போட்டோ. சாப்பாட்டுக்குப் பாய் விரிக்கும்போது மணி இரண்டே முக்கால். அதற்குள் வாப்பாவுக்கு வேர்த்துக் கொட்டிச் சேர்ட் நனைந்துவிட்டது. வெயில் என்று நினைத்து யாரோ ஃபேனை அவர் பக்கம் திருப்பினார்கள். கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவரிடம், "போட் வந்துட்டா?" என்று கேட்டிருக்கிறார். வாப்பா வாழ்க்கையில் ஒரு நாளும் கடல் தொழிலுக்குப் போனதில்லை. அவர் தென்னை வைத்திருக்கிறவர்.

நல்ல காலம், வந்தவர்களில் ஒரு தாதி இருந்தார். பார்த்தவுடன் விளங்கிவிட்டது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார். கால் மணித்தியாலத்தில் வாப்பா வாப்பாவாக வந்தார். ஆனால் அந்தக் கால் மணித்தியாலம் நிக்காஹ் வீடு முழுக்க அவரைச் சுற்றி நின்றது. பெண்கள் பக்கத்தில் அழுகைச் சத்தம். மாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது மதவாச்சி வரைக்கும் வாப்பா வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "நான் போய் அவங்கட சந்தோஷத்தைக் கெடுத்திட்டேன்." அதற்குப் பிறகு அவர் போகவில்லை. முசலி மட்டுமல்ல, புத்தளம் டவுனில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கும் போவது குறைந்தது. யார் கூப்பிட்டாலும், "தோட்டத்தில வேலை" என்பார்.

நான் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறவள். உணவுத் தட்டைக் கரும்பலகையில் வரைந்து, பாதிக்கு மரக்கறி என்று கோடு போடுகிறவள். என் வாப்பாவின் உடம்பில் என்ன நடந்தது என்று எனக்கே பிந்தித்தான் விளங்கியது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். (எங்கள் ஆசிரியர் அறையில் இடைவேளைக்கு ரோல்ஸும் பெட்டிஸும்தான். அதையும் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கொமென்டில் வந்து சொல்லுவார்கள்.)

சீனி கூடுவதை மட்டும்தான் நாம் ஆபத்து என்று நினைக்கிறோம். கிளிக்லசைட் மாதிரி மாத்திரைகள் உடம்பில் இன்சுலினைக் கூடச் சுரக்க வைக்கின்றன. உள்ளே சாப்பாடு போனாலும் போகாவிட்டாலும் அந்த மாத்திரை தன் வேலையைச் செய்யும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படிச் சீனி விழுவது குறைவு. கிளிக்லசைட், கிளிபென்க்ளமைட் எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும்தான் சாப்பாட்டு நேரம் பிந்தினால் விழுவார்கள். வேர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு, மாறிக் கதைப்பது, இதெல்லாம் அடையாளம். அந்த நேரத்தில் சீனித் தண்ணீரோ சீனி உள்ள சோடாவோ கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு சாப்பாடு. ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடனே 1990க்கு எடுங்கள். எங்கள் குடும்பத்துக்கு அந்த இலக்கம் ஏற்கெனவே வேறொரு நினைவு. ஆனால் அம்புலன்ஸுக்கு அதுதான் நம்பர், மனதில் வைத்திருங்கள்.

இது ஒரு வாப்பாவின் கதை மட்டுமா? 2005–2006 காலத்தில் நாடளாவி நடந்த ஆய்வு ஒன்றில், இலங்கையில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் கண்டார்கள். அது இருபது வருஷத்துக்கு முந்திய கணக்கு. ஒரு சஹனில் ஐந்து பேர் குந்தினால் அந்தக் கணக்குப்படி ஒருவர். நம் ஊர் கிளினிக் நாளில் கொப்பியோடு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் ஐந்தில் ஒன்று என்பது எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. எனக்கே இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சீனி ஏறியது. பிள்ளை பிறந்தவுடன் இறங்கிவிட்டது, ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூட என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். ஆகவே இதை நான் எனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கிளினிக் என்றதும் இன்னொரு விஷயம். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது நம்மவர்கள் பத்தியம் பிடிப்பார்கள். வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனையில் நல்ல இலக்கம் வரும். டொக்டரும் சந்தோஷப்படுவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. சோதனை செய்தால்தான் பெருநாளும் கலியாணமும் வெளியே வரும். யாரை ஏமாற்றுகிறோம்?

இப்போது பெருநாளைக்கே வருவோம். ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம் ஆறு வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஆறு வீட்டிலும் பால் தேத்தண்ணி. கேட்காமலே மூன்று தேக்கரண்டி சீனி. பதினெட்டுத் தேக்கரண்டி. எண்பது கிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது, முடிந்தால் இருபத்தைந்துக்குள். தொதலும் மஸ்கட்டும் வட்டிலாப்பமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. தேத்தண்ணிக்குப் பதிலாகச் சோடா ஊற்றினால் நிலைமை நல்லதாகாது. 2016இலிருந்து சோடாப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் போடுகிறார்களே, அதில் சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி. ஒரு கிளாஸ் 200 மில்லிலீட்டர். பெருக்கிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இதை வீட்டுக் கணக்காகக் கொடுத்தேன். அடுத்த நாள் ஒரு பிள்ளை, "டீச்சர், எங்கட வீட்டுக்கு வாறவங்க எல்லாரும் சிவப்புப் போத்தல்தான் கொண்டு வாறாங்க" என்றது.

அதுவும் உண்மை. விருந்தாளியாகப் போகும்போது நாம் என்ன கொண்டு போகிறோம்? ஒன்றரை லீட்டர் சோடா, கிரீம் பிஸ்கட் பெட்டி, கேக். கற்பிட்டிக் குடாநாட்டு மண்ணில் வெங்காயம், பீட்ரூட், பூசணி என்று விளைகிறது. கரையில் மீன் இறங்குகிறது. அந்த மண்ணிலிருந்து புறப்படும் நாம் வழியில் கடையில் நிறுத்திப் பிஸ்கட் வாங்குகிறோம். மாமி வீட்டுக்கு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு விளை மீனும் ஒரு பை முருங்கைக்காயும் கொண்டு போன அன்று மாமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பயணச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வில்பத்துக்குள்ளால் போகும் பழைய பாதை என்றால் முசலி பக்கம். அது மூடிக் கிடப்பதால் நாங்கள் பாலாவி, புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, முருங்கன், சிலாவத்துறை என்று சுற்றித்தான் போக வேண்டும். காலையில் வெளிக்கிட்டால் பகல் தாண்டிவிடும். ஹலால் பார்ப்பதால் எங்கும் நுழைந்து சாப்பிட முடியாது. முஸ்லிம் கடை தேடிப் பிடித்தால் அங்கே பராட்டா, கொத்து, இறைச்சி ரொட்டி. வடையும் ரோல்ஸும் கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து இருக்கும்.

இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. தலவில புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் எத்தனை சனம் வருகிறது! நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வருகிறவர்கள் சட்டி பானை, அரிசி, தேங்காய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து, கூடாரம் போட்டு, தாங்களே ஆக்கிச் சாப்பிடுவார்கள். சின்ன வயதில் அந்தக் கூடாரங்களைப் பார்த்து, "ஏன் இவங்க கடையில வாங்கிச் சாப்பிடல்ல?" என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "வந்த இடத்தில வயிறு கெடக் கூடாதெண்டுதான்" என்றார் உம்மா. நம் ஆட்களும் ஒரு காலத்தில் வாழை இலையில் சோறும் கருவாட்டுப் பொரியலும் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினார்கள். நாங்கள் இப்போது திரும்பவும் கட்டுகிறோம். அவித்த கடலை, வாழைப்பழம், அவித்த முட்டை, சிவப்பரிசிச் சோறு, கீரைச் சுண்டல், மீன், தண்ணீர்ப் போத்தல். மாத்திரை என் கைப்பையில். பெரிய பேக்கில் வைத்தால் அது பஸ்ஸின் டிக்கிக்குள் போய்விடும். வாப்பாவின் பொக்கட்டில் நான்கு டொபி. அது சாப்பிட அல்ல, நடுங்கினால் மட்டும்.

கட்டிக்கொண்டு போக முடியாத நாளில் ஒரு வழி. மரக்கறிக் கடையில் சோறு, பருப்பு, கீரை, ஏதாவது ஒரு காய் வாங்கலாம். ஹலால் கவலையும் குறைவு, வயிற்றுக்கும் நல்லது. "இறைச்சி இல்லாம என்ன பயணம்" என்று என் மகன் முகத்தைத் தூக்குவான். தூக்கட்டும்.

வீட்டுக்குள் போன பிறகுதான் கஷ்டம். ஆசிரியர் கலாசாலைக் காலத்தில் நான் அட்டாளைச்சேனையில் இருந்தேன். கூடப் படித்த தோழி ஒருத்தி அக்கரைப்பற்றில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய உம்மா பாய் விரித்து, சாப்பாட்டுக் கோப்பைகளை நடுவில் வைத்து, ஒரே ஒரு முறை "சாப்பிடுங்க மகள்" என்றார். அதற்குப் பிறகு என் தட்டைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் வேறு கதை கதைத்தார். எனக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது, இவங்களுக்கு நாம வந்தது பிடிக்கவில்லையோ என்று. இரவு படுக்கும்போதுதான் விளங்கியது, வெளி வீட்டில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். கிழக்கில் எல்லா வீடும் அப்படி என்று சொல்ல வரவில்லை. அந்த உம்மா அப்படி.

நம் பக்கத்தில்? "என்னத்துக்குக் கொஞ்சமா எடுக்கிறீங்க?" "எங்கட வீட்டுச் சாப்பாடு சரியில்லையா?" "ஒரு நாளைக்குத்தானே, சும்மா சாப்பிடுங்க!" "ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்ளுங்க!" கடைசியாகச் சொன்னது உண்மையில் என் காதால் கேட்டது. டொக்டர் எழுதிய அளவைச் சாப்பாட்டு மேசையில் மாற்றுவது எவ்வளவு பாரதூரமானது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. அன்பாகத்தான் சொன்னார். சஹனில் இன்னொரு சிக்கல். எவ்வளவு சாப்பிட்டோம் என்று நமக்கே கணக்குத் தெரியாது. பெரியவர் ஒருவர் இறைச்சித் துண்டைப் பிய்த்து நம் பக்கம் தள்ளுவார். மற்றவர்கள் முடிக்க முன் எழும்பவும் கூச்சம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டுக்கு என்ற ஹதீஸ் நமக்கு நன்றாகத் தெரியும். பயானில் கேட்டுவிட்டுத்தான் சஹனில் குந்துகிறோம்.

இதில் நான் அடிக்கடி நினைக்கும் ஒரு சம்பவம் உண்டு. புகாரியில் வருவது. மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் நபி (ஸல்) அவர்களுக்கு முன்னால் பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. மைமூனா (ரலி) அவர்களின் சகோதரி நஜ்திலிருந்து கொண்டு வந்தது. நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் இது ஹராமா என்று கேட்டார்கள். ஹராம் இல்லை, தம் ஊரில் இது கிடையாது, அதனால் தமக்கு மனம் வரவில்லை என்று நபியவர்கள் சொன்னார்கள். காலித் (ரலி) தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பவம் அவ்வளவுதான். சமைத்தவரைக் குறை சொல்லவில்லை, சாப்பிட்டவரைத் தடுக்கவில்லை, சாப்பிடாதவரை யாரும் வற்புறுத்தவும் இல்லை. நான் மௌலவி இல்லை, சட்டம் சொல்ல வரவில்லை. ஒரு விருந்தில் வேண்டாம் என்ற சொல் இவ்வளவு லேசாக இருந்திருக்கிறது, நம் பாயில் மட்டும் ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மாமியோடு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உங்களுக்கும் உதவக்கூடும்.

இந்த வருஷம் லீவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மாமிக்கு கோல் எடுத்தேன். முன்பெல்லாம் நான், "மாமி, வாப்பாவுக்கு இறைச்சி வேண்டாம், நெய் வேண்டாம், வட்டிலாப்பம் வேண்டாம்" என்று பட்டியல் வாசிப்பேன். மாமி "சரி மகள், சரி மகள்" என்பார். போய்ப் பார்த்தால் எல்லாம் இருக்கும். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சமைக்கிறவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது. இந்த முறை வேறு மாதிரிக் கேட்டேன். "மாமி, வாப்பாவுக்கு உங்க கையால குரக்கன் பிட்டும் மீன் ஆணமும் திங்கணும் போல இருக்காம். முசலியில முந்தி எப்படிச் செய்தீங்களோ அப்படி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு மாமி கதைக்கத் தொடங்கியவர் நாற்பது நிமிஷம் நிறுத்தவில்லை. அவருடைய உம்மா குரக்கன் குத்திய கதை, பிட்டுக்குத் தேங்காய்ப்பூ எவ்வளவு, எந்த மீனுக்குப் புளி கூட, வயல் வரம்பில் பிடுங்கிய பொன்னாங்காணி. "அகதியா வந்த பிறகு அதெல்லாம் மறந்து போச்சு மகள். யாரும் வந்தா கோழி வெட்டினாத்தான் மரியாதையெண்டு ஆகிட்டு" என்றார். இருந்ததையெல்லாம் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தவர், நெய்யும் இறைச்சியும் வைத்துத்தான் தன் வீடு மறுபடி எழும்பிவிட்டது என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அன்றுவரை இது விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நேரத்தைப் பற்றிக் கதைத்தேன். என்ன சாப்பாடு என்பது அரைவாசி, எத்தனை மணிக்கு என்பது மற்ற அரைவாசி. காலை ஏழரை, பகல் பன்னிரண்டரை, இரவு ஏழரை. மாமி ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்டைக்கு நிக்காஹ்வில நேரத்துக்குச் சாப்பாடு வெச்சிருந்தா நானாவுக்கு அப்படி வந்திருக்காதா?" பொய் சொல்ல மனம் வரவில்லை. "வந்திருக்காது மாமி, ஆனா வாப்பாவும் காலையில ஒழுங்காச் சாப்பிட்டிருக்கணும்" என்றேன்.

ஆகவே கலியாண வீடு நடத்துகிறவர்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வலீமா அட்டையில் நேரம் போடுகிறீர்கள். அந்த நேரத்துக்குச் சாப்பாடு வையுங்கள். மாப்பிள்ளை பிந்தினால் வயதானவர்களுக்கும் வருத்தக்காரருக்கும் முதலில் ஒரு பாய் விரியுங்கள். சீனியைத் தேத்தண்ணியில் போட்டுக் கொண்டு வராமல் பக்கத்தில் வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, மிச்சம்தான். சஹனோடு ஒரு கோப்பை கீரையோ வெள்ளரிக்காயோ சலாதோ வைப்பது கௌரவக் குறைவு என்று யார் சொன்னது?

ஆண்களுக்குத் தனியாக ஒன்று. "வாப்பாவுக்குத் தனியாக் கொஞ்சம் ஆக்குங்க" என்று அடுப்படிக்குள் எட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஏற்கெனவே இருபது பேருக்கு ஆக்குகிறவளுக்கு அது இன்னொரு அடுப்பு. வருத்தக்காரர் சாப்பிடக்கூடியதை எல்லாரும் சாப்பிடலாம். சிவப்பரிசி, மீன், பருப்பு, கீரை எந்தப் பிள்ளைக்கு ஆகாது? தனிக் கோப்பை வைத்தால் அந்த மனிதருக்கும் தான் நோயாளி என்று பாயில் உட்கார்ந்து நினைவுபடுத்திய மாதிரி ஆகும். வாப்பா வெட்கப்பட்டது அதற்குத்தான்.

எப்போதாவது ஒரு கரண்டி வட்டிலாப்பம் சாப்பிட்டால் உலகம் அழியாது. நானும் சாப்பிடுவேன். எவ்வளவு என்பதைச் சாப்பிடுகிறவர் தீர்மானிக்க விடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

வாப்பா இந்த முறை வருகிறார். முந்தா நாள் தானாகவே தோட்டத்திலிருந்து தேங்காய் பத்து உரித்து வந்து வைத்தார், "அவவுக்குப் பிட்டுக்கு வேணும்" என்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வெளிக்கிடுகிறோம். மாமி இன்று காலை வொய்ஸ் அனுப்பியிருக்கிறார். பிந்தி வந்தால் இரவுச் சாப்பாடு எட்டு மணியாகிவிடும், நானாவின் மாத்திரையை என்ன செய்வது என்று கேட்கிறார். வழியிலேயே ஏழரைக்கு வாப்பா எங்கள் கட்டுச்சோற்றைச் சாப்பிடுவார் என்று பதில் போட்டிருக்கிறேன்.